அந்த அரை மணி நேரம்

"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல அக்கா?"

"சொல்லமாட்டேன்மா, நீ சொல்லு."

இந்த இரண்டு வரிதான். மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை.

பள்ளியில் சமூகப் பணி என்று வந்த எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: "நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லித்தான் ஆகணும்." பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன்.

பிளஸ் ஒன் படிக்கிற பெண், வயது 16. துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. "ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்தாச்சு அக்கா" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. எப்போது என்று கேட்டேன். வருகிற புதன், கோயிலில். அன்று வெள்ளிக்கிழமை.

அவள் வகுப்புக்குத் திரும்பிய பத்தாவது நிமிடம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. சமூக நலத் துறையிலிருந்து வந்தார்கள், போலீசும் வந்தது. குழந்தைகள் நலக் குழு முன் அவளை நிறுத்தினார்கள். பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். கல்யாணம் நின்றது. ஐந்து நாள் குழந்தைகள் இல்லத்தில் இருந்துவிட்டுப் பள்ளிக்கு வந்தாள்.

வந்தவள் என் அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போன் பண்ணியிருக்கலாம்ல அக்கா? பெரியப்பாகிட்ட நீங்க பேசினா அப்பா கேட்பாருன்னுதான் வந்தேன்."

அவள் எதற்காக வந்தாள் என்று நான் கேட்கவே இல்லை.

2006-ஆம் வருடச் சட்டப்படி 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது குற்றம். 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டமும் இந்த ஆபத்தில் இருக்கும் பிள்ளையைப் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்றுதான் சொல்கிறது. பெரியப்பாவிடம் பேசப் போய், விஷயம் வெளியே தெரிந்து, அன்று ராத்திரியே வேறு ஊருக்குக் கூட்டிப்போய்த் தாலி கட்டவைத்திருந்தால்? அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே போன் செய்தது சரிதான். இப்போதும் செய்வேன்.

ஆனால் அவள் வந்து உட்கார்ந்ததிலிருந்து நான் போன் செய்யும் வரை அரை மணி நேரம் இருந்தது. "உனக்குக் குடுத்த வார்த்தையைக் காப்பாத்த முடியாதும்மா, ஏன்னா இதுதான் காரணம்" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். போலீஸ் வீட்டு வாசலுக்கு வரும், பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம். அவளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கலாம். ஒவ்வொரு செவ்வாயும் வாழ்க்கைத் திறன் வகுப்பில், உங்கள் வாழ்க்கையைப் பற்றி உங்களைக் கேட்காமல் யாரும் முடிவு செய்யக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான். முதல் வரிசையில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டவள் அவள். அவளுடைய அப்பா செய்ததையும் நான் செய்ததையும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அவளை யாருமே கேட்கவில்லை. அந்தக் கணக்கில் நானும் இருக்கிறேன்.

பிளஸ் டூ பாஸ் செய்து இப்போது கல்லூரியில் படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதாம். அவள் தோழி சொல்லித்தான் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படிக்கிறாளே, அது போதாதா என்று சக ஊழியர்கள் கேட்கிறார்கள். போதும் என்றுதான் நானும் பதில் சொல்கிறேன்.

போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். அதே கேள்வி. இந்த முறை சொல்லவேண்டியதை முதலிலேயே, நிதானமாக, ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் வந்தேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டு முறை நானே கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன். சிரிக்கிறாள், அவ்வளவுதான். தினமும் காலை பிரேயரில் அவள் வரிசையைத்தான் முதலில் பார்க்கிறேன், வந்திருக்கிறாளா என்று.