அப்பாவின் லேப்டாப்பைக் காப்பாற்றிய தீபாவளி

இந்தத் தீபாவளிக்கு மன்னார்குடி போனபோது வேறு வேலை எதையும் தொடாமல் அப்பாவின் லேப்டாப்போடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அப்பா பத்திரம் எழுதுகிறவர். ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் சின்னக் கடை, ஒரு மேசை, இந்த லேப்டாப், அவ்வளவுதான். 2014-ல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பட்டனை அழுத்திவிட்டு எதிர்க் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் என்று அம்மா சொன்னார். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்: டெஸ்க்டாப் வர 4 நிமிடம் 40 வினாடி, அதற்கப்புறம் வேர்டு திறக்க இன்னும் ஒன்றரை நிமிடம். முகூர்த்த நாளில் வாசலில் நாலு பேர் நிற்கும்போது இது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "பதினோரு வருஷப் பத்திரம் இதுக்குள்ள இருக்கு தம்பி, கீபோர்டும் கைக்குப் பழகிடுச்சு, இதையே சரி பண்ண முடியுமான்னு பாரு" என்றார் அப்பா. சரி என்று இறங்கினேன்.

முதலில் டாஸ்க் மேனேஜர், அதாவது எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் திரை. பிராசசர் 10 சதவீதம்கூட வேலை செய்யவில்லை, டிஸ்க் மட்டும் 100-ல் அப்படியே நிற்கிறது. பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் கதை இதுதான். ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் தட்டு, அதாவது வினாடிக்கு 90 சுற்று. வேண்டிய தகவல் ஊசிக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருந்தாலே 5 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும், ஊசி நகர்வதற்கு ஆகும் நேரம் தனி. விண்டோஸ் தொடங்கும்போது எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவுமே இல்லை, எல்லாம் சிப்தான்.

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டார்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டங்கள்) 48. இதற்கு மேல் இந்த டிஸ்க்கை ஓட்டினால் பத்திரங்கள் போய்விடும் என்று தெரிந்துவிட்டது. இந்த நிலையில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்க (குளோன் செய்ய) நான் விரும்பவில்லை, பழுதான இடத்தில் பாதியில் நிற்கலாம், உள்ளே இருக்கும் குப்பையும் சேர்ந்தே வரும். முதலில் டேட்டாவை வெளியே எடுப்பது, அப்புறம் எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ். இந்த வரிசையை மட்டும் யாரும் மாற்றாதீர்கள்.

காப்பி செய்ய விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாபி என்கிற கட்டளையைப் பயன்படுத்தினேன். அதில் ஒரு விஷயம் முக்கியம்: ஒரு ஃபைல் படிக்க வரவில்லை என்றால் அது தானாக 10 லட்சம் தடவை முயற்சி செய்யும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே 30 வினாடி காத்திருக்கும். அந்த முயற்சி எண்ணிக்கையை 1 என்று மாற்றிக் கொடுத்தால்தான் பழுதான ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். இரவு முழுக்க ஓடியது. 2017-ல் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரமும் இரண்டு போட்டோவும் மட்டும் வரவில்லை. பத்திரத்தின் அச்சுப் பிரதி அப்பாவின் காகித ஃபைலில் இருந்தது. கூடவே எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டரையும் எடுத்து வைத்தேன். பழைய பத்திரங்கள் எல்லாம் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய வானவில், பாமினி எழுத்துருக்களில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் கிறுக்கலாகத்தான் வரும்.

பென் டிரைவில் ஏற்றும்போது அடுத்த சிக்கல் தெரிய வந்தது. எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ஜெராக்ஸ் கடைக்கு பென் டிரைவ் கொண்டுபோகும் எல்லோருக்கும் இந்த வைரஸைத் தெரியும்: உண்மையான ஃபைல்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கும், நாம் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். "அது ரெண்டு வருஷமா அப்படித்தான் தம்பி, திறந்துடுது இல்ல" என்றார் அப்பா. ஆனால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் பச்சை டிக்! எல்லாம் நலம் என்கிறது.

அரை மணி நேரம் தேடிய பிறகுதான் பிடிபட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் விண்டோஸ் மறுபடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போட்டது கிராக், அதாவது உரிமம் இல்லாமலே விண்டோஸை இயங்க வைக்கும் திருட்டு ஆக்டிவேட்டர். அந்த ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் அழித்துவிடக் கூடாது என்பதற்காக ஸ்கேன் செய்ய வேண்டாம் என்கிற விலக்குப் பட்டியலில் சி, டி, இ மூன்று டிரைவையும் முழுசாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். காவல்காரர் வாசலில் நிற்கிறார், எந்த அறைக்குள்ளும் போகக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. சந்தேகம் தீர ஐகார் சோதனை ஃபைலைச் செய்து பார்த்தேன். 68 எழுத்து உள்ள சாதாரண டெக்ஸ்ட், எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் ஆன்டிவைரஸ்கள் அதைக் கண்டதும் பிடிக்கும்படி ஏற்பாடு. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். டிஃபெண்டர் அசையவே இல்லை. ஊர் மக்களின் ஆதார் எண், சொத்து விவரம் எல்லாம் இருக்கும் லேப்டாப் மூன்று வருடமாக இப்படித் திறந்து கிடந்தது என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கடையில் விண்டோஸ் போட்டு வாங்கியவர்கள் தயவுசெய்து அந்த விலக்குப் பட்டியலை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

மறுநாள் தஞ்சாவூர் போய் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே கனெக்டரில் பொருந்தும் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று 1,900 ரூபாய்க்கும், பழைய 4 ஜிபி ரேம் ஒன்று 600-க்கும் வாங்கினேன். இந்த லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேம்தான் சேரும், சாதா டிடிஆர்3 அல்ல. கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். அடியில் 10 ஸ்க்ரூ, அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, எந்த இடத்தில் எடுத்த ஸ்க்ரூவோ அங்கேயே செல்லோடேப்பால் ஒட்டினேன். ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து மெல்ல நெம்பியதும் மூடி வந்தது. ஃபேன் முழுக்கப் பஞ்சு மாதிரி தூசி. ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் நாலு ஸ்க்ரூவில் நிற்கிறது, அதைத் தூக்காமல் பக்கவாட்டில் நேராக இழுத்தால் கனெக்டரிலிருந்து விடுபடும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. சட்டத்தில் பொருத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்த அம்மா, உள்ளே ஒன்றுமே இல்லாத டப்பா மாதிரி இருக்கிறதே என்றார்.

விண்டோஸ் 10-ஐ என் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் சொந்த டூல் வழியாக 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். லேப்டாப் பேட்டரி செத்துப் பல நாள் ஆகிவிட்டதால் கரண்ட் போனால் பாதியில் நிற்கும், அதனால் இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கும் ஹாலில் உட்கார்ந்துதான் செய்தேன். 20 நிமிடத்தில் முடிந்தது. 2016-ல் விண்டோஸ் 8.1-லிருந்து 10-க்கு இலவசமாக மாறியபோது கிடைத்த உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருந்தது. வாங்கும்போது இருந்த அதே எடிஷனை (ஹோம், புரோ என்று பிரிக்கும் வகை) விண்டோஸ் 10-லும் போட்டதால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது. அந்தக் கிராக் தேவையே பட்டிருக்காது.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, நான் இதைச் செய்தது அதற்கு அடுத்த வாரம். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் தொழில் நடக்கிற லேப்டாப்பில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைச் சேமிக்கச் சம்மதித்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கிறது, அதில் சேர்த்துவிட்டேன். அதற்குள் வேறு வழி பார்க்க வேண்டும்.

ஆன்டிவைரஸ் தனியாக வாங்கவில்லை. டிஃபெண்டரை ஒழுங்காக வேலை செய்ய விட்டாலே அப்பாவின் தேவைக்குப் போதும் என்பது என் எண்ணம். விலக்குப் பட்டியல் காலி. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கான தடுப்பை இயக்கிப் பத்திர ஃபோல்டரை அதில் சேர்த்தேன். காப்பி செய்து வைத்திருந்ததை முழு ஸ்கேன் செய்து முடித்த பிறகுதான் உள்ளே ஏற்றினேன். அதே ஐகார் ஃபைலை மறுபடி சேமித்தேன், கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போனது.

இப்போது டெஸ்க்டாப் வர 21 வினாடி. வேர்டு 4 வினாடி. அப்பா இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். பழைய டிஸ்க்கின் மேல் தேதி எழுதி, பத்திரத்தாள் வைக்கும் பீரோவிலேயே வைத்துவிட்டார்.

சென்னை திரும்பிப் பத்து நாள் கழித்து மத்தியானம் போன் வந்தது. "தம்பி, ஜெராக்ஸ் கடையில இருந்து வந்ததும் பென் டிரைவ்ல நீ சொன்ன மாதிரி ரைட் கிளிக் பண்ணி ஸ்கேன் போட்டேன், ரெண்டு இருக்குன்னு காட்டுது, ரிமூவ் கொடுத்துடட்டுமா?"

"கொடுங்கப்பா" என்றேன்.