யோக சிகிச்சையாளர் தேர்வு: மூன்று கேள்விகளால் கிடைத்த தேர்ச்சி

யோக சிகிச்சையாளர் சான்றிதழ்த் தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது. இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். முதல் முறை எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் செய்முறையில் தோற்றதால், இந்தக் குறிப்பின் பெரும்பகுதி செய்முறையைப் பற்றியே இருக்கும். எழுத்துத் தேர்வுக்கு வழிகாட்டப் பலர் இருக்கிறார்கள்.

முதல் முறை எனக்குக் கொடுக்கப்பட்ட நோயாளிக் குறிப்பு, அறுபத்தொரு வயதுப் பெண், ஆறு மாதமாக இடுப்பு வலி என்பதாகும். நான் ஏழு ஆண்டுகள் யோகா கற்பித்தவன். அந்த நம்பிக்கையில் நோயாளியாக அமர்ந்திருந்தவரை உடனே விரிப்பில் அமரச் செய்து, முதுகைப் பின்னால் வளைக்கும் புஜங்காசனத்தில் தொடங்கி, கால் நீட்டி அமர்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனம் வரை ஒழுங்காக நடத்தினேன். முடிந்ததும் தேர்வாளர், "இவருடைய எலும்பின் அடர்த்தியைப் பற்றிக் கேட்டீர்களா? மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறாரா?" என்று கேட்டார். நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எலும்புப் புரை இருந்தது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். எலும்பு மெலிந்தவரை ஆழமாக முன்னால் வளையச் செய்தால் முதுகெலும்பு நொறுங்கவும் கூடும். உண்மையான நோயாளியாக இருந்திருந்தால் நான் அவருக்குத் தீங்கு செய்திருப்பேன். அந்த எண்ணம் பல நாட்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் படித்த பயிற்சி வகுப்பில் இன்ன நோய்க்கு இன்ன ஆசனம் என்ற பட்டியலைத்தான் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்தப் பட்டியலின் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வலி ஒன்றாக இருந்தாலும் அதைத் தாங்கி வருபவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பதை எங்கள் பாடத்தில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

அதை எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்பது தோற்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் என் பக்கத்து இருக்கை நண்பனுக்கு ஆஸ்துமா. விளையாட்டு வகுப்பு தொடங்குவதற்கு முன் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் அவனருகில் வந்து நின்று, "ராத்திரி தூங்கினாயா? இப்போது மூச்சு எப்படி இருக்கிறது? மருந்து கையில் இருக்கிறதா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். பதிலைப் பொறுத்து அவன் சில நாள் எங்களோடு ஓடுவான், சில நாள் நடப்பான், சில நாள் கையில் கடிகாரத்துடன் எங்கள் ஓட்ட நேரத்தைக் குறிப்பான். அவனை ஒரு நாளும் ஒதுக்கி உட்கார வைத்ததில்லை. அந்த வயதில் அது அவனுக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று நினைத்து உள்ளூரப் பொறாமைப்பட்டேன். தேர்வில் தோற்றதை அவனிடம் தொலைபேசியில் சொன்னபோது, அந்த மூன்று கேள்விகள் இல்லாவிட்டால் பள்ளிக்கு வரவே பயந்திருப்பேன் என்று அவன் சொன்னான்.

அன்றே எங்கள் பழைய வகுப்பு நண்பர்கள் ஐந்து பேரிடம் ஓர் உதவி கேட்டேன். வாரத்தில் மூன்று இரவுகள் ஒருவர் மாற்றி ஒருவர் தொலைபேசியில் நோயாளியாகப் பேசுவார்கள். ஒவ்வொருவரும் ஓர் உண்மையை மறைத்து வைத்திருப்பார்கள். கேள்விகளால் மட்டுமே ஐந்து நிமிடத்துக்குள் நான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு முன் ஓர் ஆசனத்தின் பெயரைக்கூட உச்சரிக்கக் கூடாது. இரண்டு மாதத்தில் இப்படி ஏறக்குறைய இருபத்தைந்து பேச்சுகள் நடந்தன. என் தேர்ச்சிக்கு வேறு எந்தப் புத்தகத்தையும் விட இதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். நான் பேசிப் பேசிக் கற்பவன். தனிமையில் படித்துப் பழகியவர்களும் இந்த ஒன்றையாவது இன்னொருவருடன் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர்கள் மறைத்து வைத்தவற்றில் நான் தவறவிட்டவை:

- கண் அழுத்த நோய். சிரசாசனம் மட்டுமல்ல, கையும் காலும் ஊன்றித் தலையைக் கீழே தொங்கவிடும் அதோமுக சுவானாசனமும் கண்ணின் உள் அழுத்தத்தை உயர்த்தும்.
- குடலிறக்கம். வயிற்றை வேகமாக உள்ளிழுத்து மூச்சை வெளியேற்றும் கபாலபாதி கூடாது.
- கட்டுப்படாத உயர் ரத்த அழுத்தம். தலை இதயத்துக்குக் கீழே இறங்கும் நிலைகளையும் நீண்ட கும்பகத்தையும் (மூச்சை அடக்கி நிறுத்துதல்) தவிர்க்க வேண்டும்.
- இடுப்பு வலியோடு தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க முடியாமை. இது ஆசனத்துக்குரிய நேரமன்று, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.
- மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்வி. அதற்கு விடை சொல்வது மருத்துவரின் வேலை. இதில் தடுமாறுபவர் வாய்மொழித் தேர்விலும் தடுமாறுவார்.

உடற்கூறு பகுதியில் பள்ளியின் உயிரியல் ஆய்வகம் என்னைக் காப்பாற்றியது. அங்கிருந்த எலும்புக்கூட்டின் முதுகை, கண்களை மூடிக்கொண்டு விரலால் தடவி எண்ணச் சொல்வார் எங்கள் ஆசிரியை. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்பது அன்று விரலில் பதிந்தது, இன்னும் அழியவில்லை. இடுப்பு முள்ளெலும்புகளுக்குத் திரும்பும் தன்மை மிகக் குறைவு, உடல் முறுக்கத்தில் பெரும்பங்கு மார்புப் பகுதிக்கு உரியது என்ற விடையை எழுதும்போது அந்த ஆய்வகத்தின் வாசனையே வந்துவிட்டது.

தத்துவப் பகுதிக்கு யோக சூத்திரங்கள் அனைத்தையும் ஒரே அளவில் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் பாதத்தின், அதாவது முதல் அத்தியாயத்தின், 30, 31 ஆகிய சூத்திரங்களை ஆழமாகப் படியுங்கள். யோகத்துக்கான ஒன்பது தடைகளில், சூத்திரங்களை இயற்றிய பதஞ்சலி முதலில் வைப்பது வியாதியை. மனக்கலக்கம், உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு ஆகியவை அடுத்த சூத்திரத்தில் வருகின்றன. தைத்திரீய உபநிடதத்தின் ஐந்து கோசங்களை (உடல் முதல் ஆனந்தம் வரை மனிதனின் ஐந்து உறைகள்) வரிசையாக ஒப்பிப்பதைவிட, ஒரு தூக்கமின்மை நோயாளியிடம் அவற்றைப் பொருத்திக் காட்டப் பழகுங்கள்.

இரண்டாம் முறை எனக்கு வந்த நோயாளி முப்பத்திரண்டு வயதுப் பெண், பதற்றமும் தூக்கமின்மையும் உடையவர். தூக்கம், மூச்சு, மருந்து என்று அதே வரிசையில் கேட்டேன். மருந்தைப் பற்றிக் கேட்டபோது இரும்புச் சத்து மாத்திரை என்றார், எதற்கு என்று தொடர்ந்து கேட்டபோது ஐந்தாம் மாதக் கர்ப்பம் என்றார். குப்புறப் படுக்கும் நிலைகளையும் கும்பகத்தையும் விட்டுவிட்டு, இடப்பக்கம் சாய்ந்த ஓய்வும் மூச்சை நிறுத்தாத பிராமரியும் (வண்டு போல ரீங்கரித்து மூச்சு விடும் பயிற்சி) கற்பித்தேன். கொடுத்த நேரத்தில் பாதி கேள்விகளிலேயே போய்விட்டது. செய்து காட்டியவை நான்கு பயிற்சிகள்தாம். முதல் முறை பதினொன்று செய்து காட்டியிருந்தேன்.

வரும் திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். எனக்கான பதிவுத் தாளைத் தயாரித்துவிட்டேன். முதல் பக்கம் முழுவதும் கேள்விகளுக்கு. ஆசனங்களை எழுதும் இடம் பின்பக்கத்தில் இருக்கிறது.