மணியின் மூட்டையும் அப்பாவின் கோழியும்

தாதிமை இல்லத்து முதியவர்களுக்குத் துணையாக ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வரும் எங்கள் மணி, ஆறு கிலோ எடையுள்ள ஷிட்சு நாய். அவனுக்காக நாங்கள் கட்டும் மூட்டைகளைப் பார்ப்பவர்களோ, குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டுவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள். மின்தூக்கியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு ஆன்ட்டி, "சாங்கி ஏர்போர்ட்டுக்கா?" என்றே கேட்டுவிட்டார். சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிற்றின நாய் ஒன்றை மட்டுமே வளர்க்கலாம் என்ற விதி எவ்வளவு நல்லது என்பது இத்தகைய நேரங்களில்தான் புரிகிறது. இரண்டு நாய்கள் இருந்திருந்தால் லாரி பிடித்திருப்போம்.

மூட்டை பெருப்பதற்கு மணி காரணமல்லன். தண்ணீர், மடக்குக் கிண்ணம், கழிவை அள்ளும் பை ஆகியவற்றோடு அவன் தேவை முடிந்துவிடுகிறது. மடியில் விரிக்கும் துண்டு, தொடுவதற்கு முன்னும் பின்னும் கையில் தடவும் கிருமிநாசினி, சட்டையில் ஒட்டிய முடியை எடுக்கும் உருளை, ஈரத்தாள் என மற்றவை எல்லாம் மனிதர்களுக்குத்தான். பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் பார்வையற்றோரின் வழிகாட்டி நாய்க்கு இடமுண்டு, மணிக்குக் கிடையாது. ஆகவே செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகை காரின் இருக்கைக்கும் ஒரு விரிப்பு சேர்ந்துகொள்கிறது. 1944இல் நியூகினிக் காட்டில் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் மருத்துவமனையில் காயமுற்ற வீரர்களுக்கு ஆறுதலாக இருந்த ஸ்மோக்கி என்னும் யார்க்‌ஷயர் டெரியர் படைவீரரின் முதுகுப்பைக்குள்ளேயே பயணம் செய்ததாம். எங்களுக்கோ பைகளுக்கு நடுவே நாய்க்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

முதல்நாள் மாலை குளியல். முதியவர்களின் தோல் மெல்லியது, சிறு கீறலிலும் கிழிந்துவிடும் என்பதால் நகங்களை வெட்டியபின் அராவியும் விட வேண்டும். குளித்துப் பளபளத்த மணிக்குக் கண்ணேறு பட்டுவிடும் என்று அம்மா மைச்சிமிழோடு வந்தார். அந்த மை யாருடைய போர்வையிலாவது ஒட்டிவிடும் என்று தடுத்தேன். சற்று யோசித்தவர், அவன் கழுத்தில் கட்டும் துணியின் உட்புறத்தில் பொட்டை வைத்துவிட்டு, "இப்ப யாருக்கும் தெரியாது" என்றார். பார்ப்பவர் கண்ணுக்கே தெரியாத திருஷ்டிப் பொட்டு எப்படி வேலை செய்யும் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

உண்மையான போராட்டம் அடுப்படியில்தான். இல்லத்தில் உள்ளவர்கள் மணியைத் தடவிக்கொடுப்பதோடு நிற்பதில்லை; வந்த பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. காலைத் தேநீரோடு கிடைத்த பிஸ்கட்டைத் தலையணைக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பாட்டி ஒருவர் உண்டு. சர்க்கரை நோயுள்ள தாத்தா ஒருவர் சட்டைப் பையிலிருந்து சர்க்கரையில்லா மிட்டாயை எடுத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அத்தகைய மிட்டாய்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால், நமக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாவிட்டாலும், நாயின் உடலில் இன்சுலினைத் திடீரென்று சுரக்கச்செய்து, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். நீட்டிய கையைத் தட்டிவிடவும் முடியாது. இல்லத்தின் அனுமதியோடு நாங்கள் கொண்டுசெல்லும் தீனியை அவர்கள் கையில் கொடுத்து ஊட்டச் சொல்வதுதான் வழி.

அந்தத் தீனி வெறும் தண்ணீரில் வேகவைத்து, சுண்டுவிரல் நகமளவு நறுக்கிய கோழி நெஞ்சுக்கறி. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று விளக்கியதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. இதைப் போய் நான் சமைச்சதுன்னு வெளியில கொடுக்கிறதா?" என்றவர், மஞ்சளாவது போடலாமே என்று பேரம் பேசினார். மணியின் வெள்ளை மீசை மஞ்சளாகிவிடும் என்றபின்தான் இறங்கிவந்தார்.

மறுநாள் காலை குளிர்பெட்டியைத் திறந்தால் டப்பா காலி. உப்பைக் குறைக்கும்படி பலதுறை மருந்தக மருத்துவர் சொன்னதிலிருந்து முகம் சுளித்தபடியே சாப்பிட்டுவந்த அப்பா, தமக்காக வைத்தது என்றெண்ணி இரவே முடித்திருந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "இப்பத்தான் உன் சமையல் வயித்துக்கு இதமா இருக்கு" என்று, திருமணமான நாள்முதல் அம்மா காத்திருந்த பாராட்டையும் அந்தக் கோழிக்கே வழங்கினார். வாடகை கார் கீழே வந்து நின்றபோது, அம்மா ஒரு சொல்லும் பேசாமல் இரண்டாம் முறை கோழியை நறுக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் குளிர்பெட்டியில் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றில் 'மணி' என்றும் மற்றதில் 'மணி இல்லை' என்றும் அம்மா எழுதி ஒட்டியிருக்கிறார். மணியின் டப்பாவில்தான் துண்டுகள் மெல்ல எளிதாக இருக்கின்றன என்பதால், கடைவாய்ப் பற்களை இழந்த அப்பா இன்னும் அதையே எடுக்கிறார்.