எந்த மணல் உன்னுடையது, கருப்பி?

நாய்க்குட்டிக்குக் கக்கூஸ் பழக்குவது எப்படி என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்தரையில் விடுகிறார்கள். பாம்பனில் தெற்குவாடிப் பக்கம் இருக்கிற நான் புல்லுக்கு எங்கே போவேன்? வாசலைத் தாண்டினால் மணல், கொல்லையில் மணல், ஆடி மாதக் கச்சான் காற்றில் கதவிடுக்கு வழியாக அடுப்படிக்குள்ளும் மணல். "வீட்டுக்குள் போகாதே, வெளியே போ" என்று பழக்கிவிட்டால் மற்ற ஊர்களில் வேலை முடிந்தது. இங்கே வெளியே இருக்கிற மணலில் ஒரு பக்கம் நெத்திலி காய்கிறது, ஒரு பக்கம் வலை குவிந்து கிடக்கிறது, ஒரு பக்கம் பிள்ளைகள் குழி தோண்டி விளையாடுகிறார்கள். இத்தனை மணலில் எது உன்னுடையது என்று ஒரு சின்ன உயிருக்குப் புரியவைக்க வேண்டும்.

கருப்பி பிறந்தது கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வத்தைப் படகுக்கு அடியில். கூடப் பிறந்த கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். பெட்டைக்குட்டி என்றால் யாருக்கும் வேண்டாம். மிஞ்சியதை என் மகன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் வைத்த பெயர் ரோஸி. மாமியார் கருப்பி என்றார். கருப்பிதான் நின்றது. பல்லைப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் இருக்கும் என்றார் டாக்டர். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். அதனால் குட்டி யார் பொறுப்பு என்று எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தட்டு எப்போது வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். குட்டிக்கு வயிற்றில் இரை விழுந்ததும் குடல் அசைய ஆரம்பித்துவிடும். சாப்பிட்டு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் அது போயாக வேண்டும். நினைத்த நேரத்துக்கெல்லாம் தட்டை வைத்தால் அதுவும் நினைத்த நேரத்துக்குப் போகும், நாமும் நாள் முழுக்கத் துணியும் கையுமாக அலைய வேண்டியதுதான். எங்கள் வீட்டுக் கணக்கு காலை ஆறு, பதினொன்று, மாலை மூன்றரை, இரவு ஏழு. இரண்டு மாதக் குட்டியின் வயிறு சின்னது, நாலு வேளையாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு. தட்டை வைத்துக் கால் மணி நேரம் பார்ப்பேன். மிச்சம் வைத்தால் எடுத்துவிடுவேன். இந்த இடத்தில் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துவராது. "பச்சப்புள்ளய இப்படி மணி பாத்துப் பட்டினி போடுவியாத்தா?" என்பார். பட்டினி எங்கே? அதன் வயிற்றைப் பார்த்தால் பலூன் மாதிரி இருந்தது. அதுவும் சாப்பாட்டால் வந்த வயிறு இல்லை, பூச்சியால் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மீன்காரர் வீட்டுக் குட்டிக்கு மீனுக்கா பஞ்சம் என்று நினைக்கலாம். உண்டு. என் வீட்டுக்காரர் போவது நாட்டுப்படகில். விசைப்படகு போகாத நாட்களில்தான் எங்களுக்கு மீன்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், எங்களுக்குக் கிடையாது. ஆனால் அப்போது மீனுக்கு வருகிற விலையில் நாயின் தட்டுக்கு என்ன மிஞ்சும்? அந்த நாட்களில் முட்டை. மற்ற நாட்களில் விலை போகாத சூடை, காரல், ஏதாவது ஒன்று. உப்பு, மிளகாய் எதுவும் போடாமல் தனிச் சட்டியில் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து கொடுப்பேன். காரலில் முள் எடுப்பது பெரிய வேலை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் எடுப்பேன். பச்சை மீன் கூடவே கூடாது. சூடை மாதிரிச் சில மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற சத்து ஒன்று இருக்கிறதாம், வேகவைத்தால்தான் அது போகும். தினமும் பச்சையாகத் தின்று பழகிய நாய்க்கு நரம்புத் தளர்ச்சி வரலாம்.

வெறும் சோறும் மீனும் வளர்கிற குட்டிக்குப் போதாது, எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று சொல்லி, குட்டிகளுக்கென்று விற்கிற பாக்கெட் தீனியைப் பாதியாவது சேர்க்கச் சொன்னார் டாக்டர். விலை கொஞ்சம் கடிக்கிறது. இரண்டு வேளை அது, இரண்டு வேளை நம் சட்டி என்று வைத்துக்கொண்டேன். புதுத் தீனியை ஒரேயடியாக மாற்றினால் கழியும். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். பசும்பாலும் வேண்டாம். நிறையக் குட்டிகளுக்கு அது செரிக்காமல் தண்ணீராகப் போகும், பிறகு எந்த நேரக்கணக்கும் நிற்காது.

மீன் குழம்புச் சோறு கொடுப்பது எங்கள் ஊரில் நாய்க்குச் செய்கிற மரியாதை. அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறதே! இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை அழிக்கும், வேகவைத்தாலும் அதன் குணம் போகாது. கருவாடு இன்னொன்று. கருவாட்டுத் தலையைக் கடித்தால் அந்த உப்புக்குக் குட்டி சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கும், குடித்ததெல்லாம் இரவில் பாயில் இறங்கும். கடல் தண்ணீரையும் குடிக்க விடக்கூடாது. அலையோடு விளையாடிவிட்டு நாலு வாய் குடித்த அன்று வாந்தியும் பேதியுமாக வரும்.

கரையில் எனக்கு உண்மையான பயம் பேத்தை மீன்தான். வலையில் ஏறியதை எடுத்துக் கரையில் எறிந்துவிடுவார்கள். அது ஊதிக்கொண்டு பந்து மாதிரிக் கிடக்கும். குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் ஏது? அதன் ஈரலிலும் தோலிலும் முட்டையிலும் இருக்கிற விஷம் நாயை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. காய்ந்து கிடந்தாலும் வேகவைத்தாலும் விஷம் விஷம்தான். அதனால் கருப்பி கரைக்குப் போவது கயிற்றில் மட்டும். தூண்டில் முள், திருக்கை முள், ஒதுங்கிக் கிடக்கிற சொறி என்கிற ஜெல்லி மீன் இவற்றுக்கும் அந்தக் கயிறேதான் காவல்.

சரி, மணலுக்கு வருவோம்.

குட்டிகள் கண் திறந்து நடக்க ஆரம்பித்த வாரங்களில் எந்தத் தரையில் போய்ப் பழகுகின்றனவோ, பிறகும் பாதம் அதையேதான் தேடும். வத்தைக்கு அடியில் பிறந்த கருப்பிக்கு மணல் ஏற்கெனவே தெரியும். அது எனக்குப் பாதி லாபம். வந்த அன்றே சிமெண்டுத் தரையில் இங்கும் அங்கும் மோந்து சுற்றிவிட்டு, காற்று கொண்டுவந்து சேர்த்த ஒரு பிடி மணலைத் திண்ணை மூலையில் கண்டுபிடித்து அதில் போய் உட்கார்ந்தாள். அதைத் தவிர அவளுக்குப் பிடித்தது என் வெட்டுத் துணிக் குவியல். ஈரத்தை இழுத்துக்கொள்கிற மெத்தென்ற எதுவும் குட்டிக்குப் பிடிக்கும். ஜாக்கெட் துணி, லைனிங் எல்லாம் பரணுக்கு ஏறின. தைக்கக் கொடுத்தவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே. திண்ணையை நாளுக்கு இரண்டு முறை கூட்டினோம். வீட்டுக்குள் மணலும் இல்லை, துணியும் இல்லை என்றால் அவளுக்கு வேறு வழி இல்லை.

கொல்லையில் பனைமட்டை வேலி ஓரம் ஒரு மூலையை ஒதுக்கினேன். ஒரு பாய் அகலம் இருக்கும். அவள் ஏற்கெனவே நனைத்திருந்த மணலில் ஒரு கை அள்ளி அங்கே போட்டேன். தன் வாடை இருக்கிற இடத்துக்குத்தான் நாய் திரும்பப் போகும். தூங்கி எழுந்ததும், தின்றதும், தண்ணீர் குடித்ததும், விளையாடி முடித்ததும் இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அங்கே. நடத்திக் கூட்டிப்போனால் பாதி வழியிலேயே முடித்துவிடும். இறக்கிவிட்டு "போ, போயிட்டு வா" என்று ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பேன். விளையாட்டுக் காட்டக்கூடாது. போய் முடித்த அந்த நொடியில், அந்த இடத்திலேயே, முந்தியில் முடிந்து வைத்திருக்கிற வேகவைத்த மீன் துணுக்கு ஒன்று. வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததுக்குத்தான் கூலி என்று அது நினைத்துக்கொள்ளும்.

எத்தனை நேரம் அடக்கும் என்றால், வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டச் சொல்கிறார்கள். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். அது தூங்குகிறபோதுதான். விழித்து ஓடிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு வட்டம் போட ஆரம்பித்தால் தைத்துக்கொண்டிருக்கிற கையை அப்படியே விட்டுவிட்டு எழ வேண்டும். இரவில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய மீன் பெட்டி ஒன்றில், அவள் சுருண்டு படுக்கிற அளவுக்கே இடம் விட்டுப் போட்டேன். படுக்கிற இடத்தை நனைக்க எந்த நாய்க்கும் மனசு வராது, அடக்க முடியாமல் சிணுங்கும். வீட்டுக்காரர் கடலிலிருந்து வருகிற விடியற்கால நேரமும் அவள் சிணுங்குகிற நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. வந்த கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை அவர் பங்கு. ராத்திரி தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீர்தான், இருந்தாலும் அவளுக்கு ஒரு சட்டி எப்போதும் இருக்கும்.

வீட்டுக்குள் போய்விட்டால்? அதன் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இவர்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் போக வேண்டும். வெட்டுத் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரால் துடைக்கிறேன். ஃபினாயில் வாசனை நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் தூவவே தூவாதீர்கள். அதிலிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து கிளம்புகிற புகை நெஞ்சை அடைக்கும்.

வலைக்கு வருகிறேன். காய்ந்த நைலான் வலைக் குவியல் குட்டியின் காலுக்கு என் துணிக் குவியலேதான். ஒருநாள் கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, பக்கத்து வீட்டு மாமாவின் வலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஏத்தா, ஒங்க நாயி கடலுக்கே போகாம பாடு பாத்துட்டுப் போகுது" என்று கத்தினார். பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு. நான் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் அந்த இடத்தை அலசிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கொல்லை மூலையில் போய் முடிக்காமல் கரைப் பக்கம் கூட்டிப்போவதில்லை. காலி வயிறும் காலி மூத்திரப் பையுமாகப் போகிற நாயால் வலைக்கும் நெத்திலிக்கும் ஆபத்து இல்லை. சில வாரங்கள் அப்படியே போனபின், கரையில் வந்துவிட்டாலும் அவளே வீட்டுப் பக்கம் கயிற்றை இழுக்க ஆரம்பித்தாள்.

அந்த மூலையை அப்படியே விடக்கூடாது. பூச்சி விஷயம் சொன்னேனே, அது இங்கேதான். குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே உருண்டைப்புழு வந்துவிடும். கொக்கிப்புழு கதகதப்பான ஈர மணலில் பொரித்து, செருப்பில்லாத காலின் தோல் வழியாக மனிதருக்கும் ஏறும். எங்கள் பிள்ளைகளில் யார் மணலில் செருப்பு போடுகிறார்கள்? அதனால் அவள் போனதை அன்றன்றே கரண்டியால் அள்ளிப் பையில் கட்டிவிடுகிறேன், மேல் மணலை அவ்வப்போது மாற்றுகிறேன். பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. எடை போட்டுத்தான் அளவு, ஆகவே டாக்டரிடமே வாங்குங்கள். தடுப்பூசி முடிகிற வரை தெருநாய் போகிற இடத்தில் குட்டியை இறக்கவும் கூடாது. குட்டிகளுக்கு ரத்தபேதி வரவைக்கிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பெட்டை என்பதால் கருத்தடை பற்றியும் டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன்.

மாமியாரோடு ஒரு உடன்படிக்கைக்கு வந்தாயிற்று. மூன்றரை மணித் தட்டு அவர் பொறுப்பு. நேரத்துக்கு வைப்பதும், பிறகு கொல்லைக்குக் கூட்டிப்போவதும் அவரே. வைத்த கையால் அள்ளியும் போட வேண்டும் என்றானதும் இடையில் கொடுத்துவந்த பிஸ்கட் தானாகக் குறைந்தது. முழுதாக நின்றதா என்று கேட்காதீர்கள்.

இப்போது பாக்கி இருப்பது மழை. ஒரு தூறலுக்கே ஈர மணலில் கால் வைக்க மாட்டேன் என்று என் காலுக்குள் நுழைந்துகொள்கிறாள். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் திண்ணைதான் கதி. அதற்கு முன்னால் அந்த மூலைக்கு மேலே நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். "மனுசனுக்கே கூரை ஒழுகுது, நாய்க்குக் கக்கூஸுக்குக் கூரையா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் கம்பு தேடப் போயிருக்கிறார்.