கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வேலை

"நீச்சல் சொல்லித்தரவாடா அமெரிக்கா போனே?" என்று அம்மா இன்னும் போனில் கேட்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் நீச்சல் என்பது யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் விஷயமே இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி மாமா என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டார், நாலாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டு மறுபடி தள்ளினார், அதோடு கோச்சிங் முடிந்தது. அப்புறம் சென்னை, வேளச்சேரி ஐம்பது மீட்டர் குளம், சில மாநிலப் போட்டிகள், உடற்பயிற்சி அறிவியலில் மேல்படிப்பு என்று சுற்றி வந்து, 2023 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆண்கள் நீச்சல் அணியில் உதவி கோச்சாகச் சேர்ந்தேன். நாட்டின் முதல் பத்துக்குள் வந்துபோகும் அணி, பெயர் வேண்டாம். (அந்த வருடம் ஜூலை வரை இங்கே 'வாலண்டியர் கோச்' என்று ஒரு பதவி இருந்தது. நாள் முழுக்க வேலை, சம்பளம் கிடையாது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் கோடை முகாம்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் வாடகை கட்டினாராம். அந்தப் பதவியை எடுத்த பிறகு வந்தவன் நான், அந்த அளவுக்கு அதிர்ஷ்டம்.)

என் பொறுப்பு நெடுந்தூரக் குழு. 500 கெஜம், 1650 கெஜம் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறவர்கள். ஆமாம், கெஜம்தான். உலகமெல்லாம் மீட்டரில் நீந்தும்போது அமெரிக்கக் கல்லூரிகள் 25 கெஜக் குளத்தில், அதாவது 22.86 மீட்டரில் போட்டி போடுகின்றன. வந்த புதிதில் இது எனக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஆனால் குளம் குறுகக் குறுகச் சுவர்கள் அதிகமாகின்றன, போட்டியே வேறாகிவிடுகிறது. பட்டர்ஃப்ளையில் ஒவ்வொரு சுவரிலிருந்தும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியில் போகலாம் என்பது விதி. 100 கெஜத்தில் தொடக்கத்தையும் சேர்த்து நாலு முறை அப்படிப் போகலாம், கணக்குப் போட்டால் 91 மீட்டரில் 60 மீட்டர் தண்ணீருக்கடியிலேயே முடிந்துவிடும். 2018இல் அமெரிக்க வீரர் கேலெப் டிரெஸ்ஸல் 50 கெஜத்தை 17.63 விநாடியில் நீந்தினார், 18 விநாடிக்குள் முடித்த முதல் ஆள் அவர்தான். அந்த வீடியோவைப் பார்த்தால் தெரியும், கை வீசும் நேரத்தைவிடக் குதிப்பதும் திரும்புவதும்தான் கண்ணில் நிற்கும். கிணற்றில் கற்றவனுக்கு இதெல்லாம் புதுப் பாடம்.

சரி, வேலைக்கு வருகிறேன். கோச் என்றால் விசில் ஊதிக்கொண்டு கரையில் நடந்து "இன்னும் வேகம், இன்னும் வேகம்" என்று கத்துகிறவன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இங்கே வரும் பையன்கள் தங்கள் மாநிலத்தில் முதலிடம் வந்தவர்கள், சிலர் தங்கள் நாட்டிலேயே முதலிடம். தோள்பட்டை கழன்றாலும் ஒற்றைக் கையால் செட்டை, அதாவது அன்றைக்குக் கொடுத்த பயிற்சித் தொகுப்பை, முடிக்கப் பார்ப்பார்கள். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கக் கூடாது, ஒரு நாள் கட்டாய விடுமுறை என்று விதியே இருக்கிறது. அது பையன்களைக் கோச்சிடமிருந்து காப்பாற்ற வந்த விதி. ஆனால் விடுமுறை நாளில் பக்கத்து ஊர்க் குளத்துக்குப் போய் நீந்திவிட்டு வந்தவனை நான் பிடித்திருக்கிறேன், தலைமுடியில் குளோரின் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. இவர்களைத் தள்ளுவதற்கு ஆள் தேவையில்லை, நிறுத்துவதற்குத்தான் தேவை. இதை நான் புரிந்துகொண்ட விதம்தான் கொஞ்சம் கேவலமானது.

பருவம் செப்டம்பரில் தொடங்கும். குளிர்காலம் முழுக்கக் காலையும் மாலையுமாக, ஒரு வேளைக்கு ஆறாயிரம் ஏழாயிரம் கெஜம். வெளியே பனி, உள்ளே நீராவி, கண்ணாடிச் சுவரில் தண்ணீர் வழியும். பிப்ரவரியில் நாங்கள் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகக் குழுமத்தின் போட்டி, மார்ச் கடைசியில் தேசியப் போட்டி. இரண்டுக்கும் முன்னால் பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதற்குப் பெயர் டேப்பர். கதிர் முற்றியதும் வயலில் தண்ணீரை வடித்துவிடுவார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆறு மாதமாகச் சேர்ந்த அலுப்பு உடம்பை விட்டு வடிய வேண்டும். இதில் ஒரு வில்லங்கம், டேப்பரின் நடுவில் பலருக்கு உடம்பு இன்னும் மோசமாகத் தெரியும். கை கனக்கும், தண்ணீர் பிடிபடாது. "கோச், எனக்கு என்னவோ ஆயிடுச்சு" என்பார்கள். ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நேரத்தில் கோச் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

என்னால் நிற்க முடியவில்லை.

2024 மார்ச். என் குழுவில் ஒரு இரண்டாம் ஆண்டுப் பையன் 500 கெஜத்துக்குத் தேர்வாகியிருந்தான். தேசியப் போட்டியில் காலையில் தகுதிச் சுற்று. முதல் எட்டுப் பேர் மாலையில் முதல் இறுதிக்கு, அடுத்த எட்டுப் பேர் இரண்டாம் இறுதிக்கு. வென்றவனுக்கு 20 புள்ளி, எட்டாவது வந்தவனுக்கு 11. இரண்டாம் இறுதியில் முதலில் வந்தாலும் 9தான், அவன் முதல் இறுதியில் வென்றவனைவிட வேகமாக நீந்தினாலும் 9தான். காலையில் பதினேழாவது வந்தால் பூஜ்யம். ஆக உண்மையான போட்டி காலை பத்து மணிக்கு, பார்வையாளர் வரிசை பாதி காலியாக இருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. எங்கள் பையன் பதினாறுக்குள் வந்துவிடக்கூடிய ஆள். வந்தால் என் குழுவிலிருந்து, என் முதல் வருடத்திலேயே, அணிக்குப் புள்ளி.

போட்டிக்குப் பதினைந்து நாள் முன்பு அவன் தண்ணீரில் பாறாங்கல் மாதிரி கிடந்தான். நேரம் பார்த்தேன், மோசம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் அன்று இரவு முழுக்கப் பழைய பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதிகமாகக் குறைத்துவிட்டோமோ, பிப்ரவரி போட்டிக்கு ஒரு தடவை ஓய்வு கொடுத்து இப்போது மறுபடியும் கொடுத்தால் சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்துவிடாதா? மறுநாள் காலை திட்டத்தில் இருந்த லேசான செட்டை அடித்துவிட்டு 24 நூறுகள், அதாவது நூறு கெஜத்தை 24 தடவை, கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஐந்து விநாடி, 54 விநாடிக்குள் வந்தால் மீதி ஓய்வு. அவன் பிரமாதமாக முடித்தான். கடைசி நாலு 53. எனக்கு ஒரே சந்தோஷம், வீட்டுக்குப் போகும் வழியில் காரில் பாட்டு வேறு.

இண்டியானாபொலிஸில் காலைச் சுற்றில் முதல் 300 கெஜம் அழகாகப் போனான். அப்புறம் ஒவ்வொரு சுவரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கடியில் இருக்கும் நேரம் குறைந்தது, தலை தூக்க ஆரம்பித்தது. ஒரு விநாடி கூட இல்லாத வித்தியாசத்தில் பதினாறுக்கு வெளியே. அன்று மாலை அதே குளத்தில் அதே 500 கெஜத்தை லியோன் மர்ஷான் 4:02.31இல் நீந்தினார், நாலு மாதம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் நாலு தங்கம் வாங்கினாரே, அவர்தான். பக்கத்தில் இருந்த கோச்சுகள் எல்லாம் வாயைப் பிளந்து நின்றார்கள். நானும் நின்றேன், ஆனால் என் கண்ணுக்குள் 24 நூறுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

எங்கள் தலைமைக் கோச் கத்துகிற ஆளில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1978இலிருந்து 2024 வரை இருந்து 15 தேசியப் பட்டங்கள் வாங்கிய எடி ரீஸைப் பற்றி அடிக்கடி சொல்வார், அதட்டாமலும் ஜெயிக்கலாம் என்பதற்கு ஆதாரமாக. ஊருக்குத் திரும்பியபின் என் பயிற்சிக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது. "முந்தின ராத்திரி உனக்குத் தூக்கம் வரலையோ?" என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். குறிப்பேட்டை மூடிக் கொடுத்துவிட்டு ஜூனியர் பையன்கள் தேர்வு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த செட்தான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பையன் என்னைக் குறை சொன்னதே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வருட டேப்பரில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். திட்டத்தை ஜனவரியிலேயே எழுதி தலைமைக் கோச்சிடம் கொடுத்துவிட்டேன், கூட்ட வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும், குறைக்க யாரையும் கேட்க வேண்டாம். அப்புறம் இன்னொரு உதவி, நான் கேட்காமலே வந்தது.

அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல், தானாகத் தேர்வுக்கு வந்து சேர்ந்த கடைசி ஆண்டுப் பையன் ஒருவன் இருந்தான். அப்போதெல்லாம் ஓர் ஆண்கள் அணிக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப்தான், அதைப் பிய்த்துப் பிய்த்துத்தான் எல்லோருக்கும் கொடுப்பார்கள், இவனுக்கு எதுவும் இல்லை. தேசியப் போட்டிக்கு ஒரு அணி 18 பேர்தான் கூட்டிப் போகலாம், நாலு வருடத்தில் அந்தப் பட்டியல் பக்கம் கூட இவன் வந்ததில்லை. பிப்ரவரிப் போட்டியோடு அவன் பருவம் முடிந்துவிட்டது. அந்தப் போட்டியில் நம் பையனின், போன வருடம் பதினாறைத் தவறவிட்டானே அவனுடைய, 1650க்கு எண்ணிக்கைப் பலகை பிடித்ததும் இவன்தான். 66 நீளம், யாருக்கும் கணக்கு தவறும். குளத்தின் மறுமுனையில் ஒருவன் மண்டியிட்டு, ஒற்றைப்படை எண்ணைக் காட்டும் பலகையைத் தண்ணீருக்குள் பிடிக்க வேண்டும். பின்தங்கினால் அதையே வேகமாக ஆட்டிக் காட்டுவான், கடைசி நீளத்துக்குச் சிவப்பு.

பருவம் முடிந்தபின் அவன் ஏன் தினமும் காலை ஆறு மணிக்கு வந்தான் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து லேனில் இறங்குவான், நம் பையனுக்கு அரை உடம்பு முன்னாலோ பின்னாலோ, எது தேவையோ அங்கே நீந்துவான். என்னைவிட நல்ல கோச் என்று சில நாள் தோன்றியது.

2025 மார்ச்சில், வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வேயில், நம் பையன் இரண்டாம் இறுதிக்குப் போனான், சில புள்ளிகள் கிடைத்தன. ஓய்வாலா, ஒரு வயது கூடியதாலா, பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கோடையில் நீதிமன்றச் சமரசம் ஒன்று வந்து, ஸ்காலர்ஷிப் வரம்பு போய் ஆள் வரம்பு வந்தது. நீச்சலும் டைவிங்கும் சேர்த்து ஆண்கள் அணிக்கு 30 பேர், சில இடங்களில் 22 என்று இன்னும் குறைத்துக்கொண்டார்கள். நாங்கள் 38 பேர் வைத்திருந்தோம். மீதியை நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கடைசி ஆண்டுப் பையன் அதற்கு முன்பே பட்டம் வாங்கிப் போய்விட்டான், ஆனால் அவனைப் போல ஒருவனை இனி எடுக்க இடமில்லை என்பதை ஜூலையில் இரண்டு பேரிடம் போனில் சொன்னேன். இருவருமே "தேங்க்ஸ் கோச்" என்றார்கள்.

ஃபெடரல் வேக்குக் கிளம்புவதற்கு முந்தின காலை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. திட்டத்தில் எட்டு நூறுகள். ஆறாவது முடிந்ததும் நம் பையன் கண்ணாடியைத் தூக்கி, "கோச், கை இப்பதான் நல்லா வருது. பத்தாப் போட்டுக்கட்டுமா?" என்றான். எனக்கும் ஆசைதான், அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. "போதும், வெளியே வா" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஏறினான்.

பக்கத்து லேனில் நின்றவன், "மிச்சம் ரெண்டை நான் போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரை உதைத்தான். அவன் நேரம் இனி எந்தப் பட்டியலுக்கும் போகப்போவதில்லை. நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். முதலாவது 53.1. இரண்டாவது 52.6, அவன் அந்த வருடம் பயிற்சியில் அப்படி வந்ததில்லை. சத்தமாகச் சொன்னேன். "பரவாயில்லையே" என்று சிரித்துவிட்டு, லேன் கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.