வீட்டு டயாலிசிஸ்: நேரத்தை என் உடம்புக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி மாற்றிய அனுபவம்

மெல்போர்னில் என் வீட்டிலேயே நான் ரத்த டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். வயிற்றுக்குள் திரவம் விடும் முறை இல்லை. கையில் இரண்டு ஊசி குத்தி, மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ். ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோயில் என் சிறுநீரகங்கள் போயின.

விஷயம் தெரிந்த நம்மவர்கள் முதலில் கேட்பது, "ஊசியை நீங்களே குத்திக்கொள்வீர்களா?" என்பதுதான். ஆமாம், நானேதான். பழகிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய பாடாக இருந்தது நேரக்கணக்கு. முதலில் எழுதிக் கொடுத்த அளவுகள் என் உடம்புக்கும் பொருந்தவில்லை, வேலைக்கும் வீட்டுக்கும் பொருந்தவில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பொருத்திக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டு ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி சில மாதம். பிறகு வீட்டில் ஒரு சின்ன அறைக்குத் தனி மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின். எல்லாவற்றையும் மருத்துவமனையே பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், ஏனென்றால் அது உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். இதற்கு மட்டும் எந்த அவசரத்திலும் விலக்கு கிடையாது. ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் தண்ணீர் ரத்தத்தின் பக்கமே போகாதது. அதைத் தொட்டியில் பிடித்து எலுமிச்சைக்கும் கத்தரிச் செடிக்கும் விடுகிறோம். பக்கத்து ஊரான ஜிலாங்கில் மருத்துவமனைக்காரர்கள் பல வருடத்துக்கு முன்பே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

முதல் அட்டவணை திங்கள், புதன், வெள்ளி, தலா ஐந்து மணி நேரம். வேலையிலிருந்து மதியமே வந்து உட்காருவேன். முடியும்போது காலில் நரம்பு சுண்டி இழுக்கும், குரல் கம்மிப்போகும், மறுநாள் மதியம்வரை எழுந்து நடமாடத் தெம்பே இருக்காது. டயாலிசிஸ் என்றால் இப்படித்தான் போல என்று வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். நான் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த பயிற்சி நர்ஸ் ஏற்கவில்லை. தொடங்கும்போது எடை, முடிக்கும்போது எடை, ரத்த அழுத்தம், எத்தனையாவது மணியில் தசைப்பிடிப்பு வந்தது எல்லாம் அதில் இருந்தது. தசைப்பிடிப்பு எப்போதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வந்திருந்தது. "உங்கள் டிரை வெயிட்டை மறுபடி பார்க்க வேண்டும்" என்றார்.

உடம்பில் கூடுதல் நீர் எதுவும் இல்லாதபோது இருக்க வேண்டிய எடைதான் டிரை வெயிட். டயாலிசிஸ் முடியும்போது அந்த எடைக்கு வந்து நிற்க வேண்டும். ஆனால் அந்த எண் அப்படியே நிலைத்து நிற்பதில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்து நச்சு குறைந்ததும் எனக்குப் பசி திரும்பியிருந்தது, நன்றாகச் சாப்பிட்டேன், உடம்பில் சதை பிடித்திருந்தது. மெஷினுக்கு அது தெரியாது. சதையாக ஏறிய எடையையும் நீர் என்று கணக்கிட்டு, பழைய எண்ணுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் அரை கிலோ ஏற்றினார், ரத்த அழுத்தமும் கால் வீக்கமும் பார்த்தார், பிறகு இன்னும் அரை கிலோ. தசைப்பிடிப்பு பெருமளவு நின்றுபோனது. இதன் மறுபக்கமும் உண்டு. காய்ச்சலில் நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனால் டிரை வெயிட் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் இளைத்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும், எடை மாறாததால் நமக்குத் தெரியாது, மூச்சு வாங்கும்போதுதான் தெரியும்.

அடுத்து வார இறுதி. வெள்ளி முடித்தால் திங்கள்வரை இரண்டு நாள் இடைவெளி. ஞாயிறு இரவு தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுப்பேன். திங்கட்கிழமை மூன்று லிட்டர்வரை நீர் எடுக்க வேண்டியிருக்கும். 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு, அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணமும் இதயக் கோளாறால் மருத்துவமனையில் சேர்வதும் மற்ற நாட்களைவிட அதிகம் என்று அதில் தெரியவந்தது. மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று முறை என்பது நாற்காலிகளையும் நர்ஸ்களையும் ஞாயிறு விடுமுறையையும் கணக்கில் வைத்து அமைந்தது. வீட்டில் மெஷின் நமக்கு மட்டும்தான். அப்புறம் எதற்கு இரண்டு நாள் இடைவெளி? ஒன்று விட்டு ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டோம்.

இது வாழ்க்கையை இன்னும் சிக்கலாக்கும் என்று என் வீட்டுக்காரர் பயந்தார். நியாயமான பயம்தான். ஒரு வாரம் திங்கள் வந்தால் அடுத்த வாரம் செவ்வாய் வரும். அலுவலகத்தில் நிரந்தரமாக "புதன் மதியம் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவைக்க முடியாது. ஒரு முதியோர் இல்லத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதத் தொடக்கத்திலேயே நாட்களைக் குறித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறல் போனது, அதுவே போதுமானதாக இருந்தது.

இரவுக்கு மாறியதுதான் பெரிய மாற்றம். அதன் கணக்கைச் சொன்னால் ஏன் என்று புரியும். அறுபது கிலோ உடம்பிலிருந்து மூன்று லிட்டர் நீரை நான்கு மணி நேரத்தில் எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 12.5 மில்லி வருகிறது. 13-ஐத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் இது விளிம்பு. ஐந்து மணி நேரம் என்றால் 10. எட்டு மணி நேரம் என்றால் 6.25 மட்டும். அதே மூன்று லிட்டர்தான், ஆனால் உடம்புக்கு அது பாதி பாரம். மெதுவாக எடுப்பதால் ரத்த அழுத்தம் விழுவதில்லை, மறுநாள் காலை நேராக வேலைக்குப் போக முடிகிறது. எட்டு மணி நேரத்தைப் பகலில் ஒதுக்க யாராலும் முடியாது. தூக்கத்தில்தான் முடியும்.

தூங்கிக்கொண்டே ரத்தத்தை வெளியே ஓடவிடுவதற்கு முன் நிறைய யோசித்தோம். ஊசி கழன்றால் சில நிமிடத்தில் உயிருக்கே ஆபத்து. ரத்தத்தை உடம்புக்குத் திருப்பும் ஊசி கழன்றால் மெஷின் எப்போதும் கண்டுபிடிக்கும் என்று நம்பக்கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதனால் இப்படிச் செய்கிறேன்: ஊசியின் இறக்கைகளுக்குக் கீழே டேப்பைக் கொடுத்து மேலே குறுக்காக மடக்கி ஒட்டுவேன், டியூபை ஒரு சுற்று வளைத்து முன்கையில் தனியாக ஒட்டுவேன், ஊசி இருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் கத்தும் சென்சாரை வைப்பேன். கையைப் போர்வைக்கு வெளியே வைத்துத் தூங்கப் பழகினேன். மெஷினில் ரத்தம் ஓடும் வேகத்தையும் நிமிடத்துக்கு 300 மில்லியிலிருந்து 220-க்கு மருத்துவர் குறைத்தார். நேரம் நீளும்போது வேகம் தேவையில்லை, ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலாவுக்கும் நல்லது. ஒரே துளையில் மழுங்கிய ஊசியைப் போடும் பட்டன்ஹோல் முறையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வலி குறைவுதான், ஆனால் கிருமித் தொற்று அதிகம் என்பதால் இடம் மாற்றி மாற்றிக் குத்துகிறேன்.

இரவுக்கு மாறிய பின் ரத்தப் பரிசோதனையில் முதலில் தெரிந்தது பாஸ்பேட் குறைந்ததுதான். பகலில் ஐந்து மணி நேரம் செய்தபோது ஒவ்வொரு சாப்பாட்டோடும், உணவிலுள்ள பாஸ்பேட் உடம்பில் சேராமல் தடுக்கும் பாஸ்பேட் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. பாஸ்பேட் திசுக்களிலிருந்து மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும், அதனால் அதை எடுக்க வேகத்தைவிட நேரம் முக்கியம். மாத்திரையைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தியே விட்டார்கள். இரவு டயாலிசிஸ் செய்யும் சிலருக்குப் பாஸ்பேட் அளவுக்கு மீறி இறங்கி, மெஷினில் ஓடும் டயாலிசிஸ் திரவத்திலேயே அதைச் சேர்க்க வேண்டியிருக்குமாம். பொட்டாசியமும் எனக்கு இறங்கியது. திரவத்தில் பொட்டாசியம் அளவை 2-லிருந்து 3-க்கு மாற்றினார்கள். பொட்டாசியம் அதிகம் என்று ஒதுக்கியிருந்த தக்காளி ரசமும் உருளைக்கிழங்கு பொரியலும் வாழைப்பழமும் என் தட்டுக்குத் திரும்பின. இதெல்லாம் என் ரத்தத்தைப் பார்த்து எனக்குச் சொன்னது, மற்றவர்கள் தங்கள் அளவைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நட்சத்திரப் பழம் மட்டும் சிறுநீரகம் போன யாருக்கும் எந்த முறையிலும் கூடாது. அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும்.

பெண்கள் யாரும் வெளியே பேசாத ஒன்றையும் எழுத வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மெஷினில் ஹெப்பாரின் போகிறது. எட்டு மணி நேரத்துக்கு அதன் மொத்த அளவும் கூடுகிறது. இரவுக்கு மாறிய பிறகு எனக்கு மாதவிடாய் மிக அதிகமாகி, ஹீமோகுளோபின் சரிந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் உருவாக உதவும் எரித்ரோபொய்டின் ஊசியைக் கூட்டினார்கள், இரும்புச் சத்தை நரம்பில் ஏற்றினார்கள், ஆனாலும் ஏறவில்லை. காரணத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னதும் ஐந்து நிமிடத்தில் தீர்வு கிடைத்தது. அந்த நாட்களில் மட்டும் ஹெப்பாரின் குறைந்த அளவு, டயாலிசிஸும் ஆறு மணி நேரம்தான், டியூபில் ரத்தம் கட்டுகிறதா என்று கூடுதல் கவனம். மகளிர் நோய் மருத்துவரிடமும் அனுப்பினார்கள். என் நோட்டில் இதற்கென்றே ஒரு பத்தி போட்டிருக்கிறேன்.

தூக்கம்? ஆரம்பத்தில் மோசம். கையை அசைத்தால் அழுத்த அலாரம் அடிக்கும், வீட்டுக்காரர் பதறி எழுவார், அடுத்த அறையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் எழுவாள். டெக்னீஷியன் வந்து, பாதுகாப்பு எல்லைக்குள் அலாரம் அளவுகளைச் சரிசெய்தார். டியூபைக் கட்டிலின் எந்தப் பக்கத்தில் விடுவது என்பதையும் மாற்றினோம். பெரும்பாலான இரவுகள் இப்போது அமைதியாகப் போகின்றன. ஆனாலும் மகளின் பரீட்சை வாரங்களில் மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு நான் மாலையிலேயே ஆறு மணி நேரமாக முடித்துக்கொள்கிறேன். இங்கே சன்ஷைன் பகுதியிலுள்ள முருகன் கோவிலில் தைப்பூசம் வந்தால் முந்தைய இரவே முடித்துவிடுவேன். எத்தனை மணிக்குத் தொடங்குவது, வரம்புக்குள் எவ்வளவு நீர் எடுப்பது என்பதை நானே முடிவு செய்யலாம். மொத்த மணிகள், டிரை வெயிட், ஹெப்பாரின் ஆகியவற்றைத் தொடுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். இந்த எல்லைக்கோட்டை நர்ஸிடம் கேட்டு எழுதி வாங்கி மெஷின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். வீட்டில் செய்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். அலுப்பாக இருக்கிறது என்று ஒரு மணி நேரத்தைக் குறைக்கத் தோன்றும் இரவுகள் வரும், அப்போது அந்தத் தாள் உதவும்.

மின்சாரம் பற்றி: உயிர்காக்கும் கருவி வைத்திருக்கும் வீடு என்று மின் நிறுவனத்தில் பதிய வேண்டும். பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதானால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பார்கள், எங்கள் விக்டோரியா மாநிலத்தில் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு மின் கட்டணத்திலும் தண்ணீர்க் கட்டணத்திலும் சலுகை உண்டு. சொல்லாமல் மின்சாரம் போனால் பம்பைக் கையால் சுற்றி ரத்தத்தை உடம்புக்குத் திருப்ப வேண்டும். டார்ச் லைட் எப்போதும் கையெட்டும் தூரத்தில்.

ஊருக்குப் போனபோது மதுரையில் ஒரு தனியார் மையத்தில் நான்கு மணி நேர டயாலிசிஸ். எட்டு மணி நேரத்துக்குப் பழகிய உடம்பை நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுபோவதற்கு மருத்துவரிடம் திட்டம் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். அங்கே இருந்தவரை பாஸ்பேட் மாத்திரை மறுபடி, வாழைப்பழம் கிடையாது, இளநீர் கிடையாது, ஊறுகாயும் அப்பளமும் தொடவில்லை, ஏனென்றால் உப்பு சாப்பிட்டால் தாகம் வரும், தண்ணீர் குடித்தால் அந்த நான்கு மணி நேரத்தில் எடுக்க முடியாது. திரும்பி வந்ததும் மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கும் இங்கே பரிசோதனை செய்தார்கள்.

இப்போது அடுத்த மாற்றம் வருகிறது. எனக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறது. சில மாதத்துக்கு ஒருமுறை 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடிக்கடி செய்யும் இரவு டயாலிசிஸில் மிச்சமிருக்கும் சிறுநீர் சீக்கிரம் குறையலாம் என்று அமெரிக்க, கனடா மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியதாக மருத்துவர் முதலிலேயே எச்சரித்திருந்தார். வாரம் ஆறு இரவு வேண்டாம், ஒன்று விட்டு ஒரு இரவு போதும் என்று அவர் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். போன முறை அளவு குறைந்திருந்தது. அடுத்த சந்திப்பில் இரண்டு கேள்வி கேட்கப்போகிறேன்: நீர் எடுக்கும் அளவை இன்னும் குறைத்தால் அந்தச் சிறுநீரைக் காப்பாற்ற முடியுமா, அது முழுதாக நின்றுபோனால் எத்தனை இரவுகளாகக் கூட்ட வேண்டும்? நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரரும் உடன் வருகிறார்.