எனக்கே எனக்கென்று ஒரு வாசனை

ஷார்ஜாவில் இருந்து லீவுக்கு வந்திருந்த மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எழுந்து கை கழுவப் போன பிறகும் ஆள் அங்கேயே இருப்பது போல வாசனை நின்றது. "என்ன சென்ட்டுடா இது?" என்றேன். சென்ட் இல்லையாம், லேயரிங்காம். முதலில் சட்டைக்கு பக்கூர் புகை, அதாவது சாம்பிராணி மாதிரி ஒரு அரபு நாட்டுப் புகை, காட்ட வேண்டும். அப்புறம் தோலில் ஊத் எண்ணெய், அதன் மேல் ஒரு ஸ்பிரே.

"கடையில வாங்குற பாட்டில் ஆயிரம் பேர்கிட்ட இருக்கும் மாமா. நாமளே கலந்து போட்டா அது நம்ம வாசனை. வேற யாருக்கும் வராது."

எனக்கு 44 வயது. எனக்கே எனக்கென்று இதுவரை இருந்தது ஆதார் எண் ஒன்றுதான். சரி, கூட ஒரு வாசனையும் இருக்கட்டுமே என்று தோன்றிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் திருவல்லிக்கேணி. பெரிய பள்ளிவாசல் பக்கம் ஒரு சின்ன அத்தர் கடை. பாய் ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, மூடியோடு இருக்கும் கண்ணாடிக் குச்சியால் என் கையில் ஒரு கோடு இழுத்தார். புறங்கையில் மல்லி, மணிக்கட்டில் வெட்டிவேர், அதற்கு மேல் சந்தனம். முழங்கை வரை போனதும் வலது கைக்கு மாறினோம். ஊத் என்றால் நம்ம அகில்தான் என்பது அங்கேதான் தெரிந்தது. மரத்தில் பூஞ்சை பிடித்தால், அதை எதிர்த்து மரம் ஒரு பிசினைச் சுரக்குமாம். அது ஊறிய கட்டையில்தான் மணம். பள்ளிக்கூடத்தில் அகிற்புகை என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியிருக்கிறேன்; அது சீக்கு வந்த மரம் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

அஸ்ஸாம் ஊத் என்று ஒன்றைத் திறந்தார். சுத்தமான மாட்டுத் தொழுவம். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "பொறுங்க தம்பி, இது உக்காரணும். அரை மணி கழிச்சு மோந்து பாருங்க" என்றார். உண்மைதான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் தொழுவம் போய் ஏதோ ராஜா வீட்டு மர பீரோ மாதிரி ஆகியிருந்தது. ஊத் 3 மி.லி., மல்லி அத்தர் 3 மி.லி. வாங்கினேன். "குச்சி நுனி போதும் தம்பி, கொஞ்சமா வைங்க" என்று பாய் சொன்னதும் காதில் விழத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி. பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பட்டை பட்டையாக வெட்டி, வீட்டில் இருந்த கொலோன், பாடி ஸ்பிரே, ஜவ்வாது என்று எல்லாவற்றையும் ஊத்தோடும் மல்லியோடும் ஜோடி சேர்த்துத் தடவினேன். தீர்ப்பு சொல்ல வீட்டம்மா. ஊத்தும் எலுமிச்சை கொலோனும்: "எலுமிச்சம்பழத்து மேல ஏறின லாரி டயர்." கிராம்புத் தைலமும் வெனிலா லோஷனும்: "பல் டாக்டர் கேக் சாப்பிடறார்." ஜவ்வாதும் பாடி ஸ்பிரேயும் சேர்ந்ததை ரொம்ப நேரம் மோந்துவிட்டு, "மாப்பிள்ளை அழைப்புல கார் டிரைவர்" என்றாள். பத்தாவது பட்டைக்கு மேல் இரண்டு பேருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துக் கருகியதே புகை ஹாலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் நானே முடிவு செய்தேன். காய்ந்த தோலில் வாசனை நிற்காது என்பதால் முதலில் துளி தேங்காய் எண்ணெய். அதன் மேல் ஊத், அப்புறம் மல்லி, எல்லாவற்றுக்கும் மேலே எலுமிச்சை கொலோன். கனமானது அடியில் என்பதுதான் கணக்கு. எலுமிச்சை வெளியூர் மாப்பிள்ளை மாதிரி, வந்த அரை மணியில் கிளம்பிவிடும். மல்லி மத்தியானம் வரை தாங்கும். அகில் வீட்டுப் பெரியவர். ராத்திரி வரைக்கும் திண்ணையை விட்டு நகராது.

திங்கட்கிழமை குளித்து முடித்துப் பூசினேன். பிரமாதம். இட்லி சாப்பிட்டு எழுந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. ஒரே வாசனை கூடவே இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். கருகின சாம்பார் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. நான் கற்றுக்கொள்ளவில்லை. இன்னொரு சுற்று பூசினேன். வண்டியை எடுக்கும்போது சந்தேகம் வந்து கைக்குட்டையிலும் கொஞ்சம். மே மாத வெயில், முக்கால் மணி நேரம் ஸ்கூட்டர்.

பதினொரு மணிக்கு மீட்டிங். எட்டு பேர், ஏசி, மூடிய கதவு. மேனேஜர் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தார். "ஏதோ செத்திருக்குப்பா."

போன மாதம் நிஜமாகவே ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒரு எலி செத்துக் கிடந்தது. அதனால் யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கு மட்டும் ஒரு நாற்றமும் தெரியவில்லை. இருந்தாலும் பொறுப்பான ஆள் என்று காட்ட இதைவிட நல்ல சமயம் வருமா? நாற்காலி மேல் ஏறி, மொபைல் டார்ச்சை அடித்து, சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். "சார், நீங்க நிக்கிற இடத்துலதான் ஜாஸ்தி" என்று கீழே இருந்து குரல். இல்லை என்று அடுத்த மூலைக்கு நாற்காலியைத் தள்ளினேன். இப்போது அந்த மூலையில்தான் ஜாஸ்தியாம். ஒருவர் ரூம் ஃப்ரெஷ்னரை அடித்தார். லாவண்டர். என் கணக்கில் ஐந்தாவது லேயர். எல்லோரும் பக்கத்து ரூமுக்கு மாறினோம். எலியும் எங்களோடு மாறியது.

ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே நிதானம். "சார், நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்களேன்."

நின்றேன்.

"இப்ப இல்ல. உள்ள வாங்க."

போனேன்.

"இருக்கு."

சந்தேகம் தீர மேனேஜர் இன்னொரு தடவை செய்து பார்க்கச் சொன்னார்.

மல்லியில் இண்டோல் என்று ஒரு பொருள் உண்டு என்பதை அன்றைக்கு ராத்திரி படித்தேன். துளி இருந்தால் மல்லிப்பூ. அளவு மீறினால் அந்துருண்டை, அழுகல் என்று அது வேறு பாதையில் போகும். அதை இரண்டு சுற்றுத் தொழுவத்தின் மேல் தடவி, வெயிலில் சூடேற்றி, ஏசி அறையில் அடைத்திருக்கிறேன். மேனேஜர் மூக்கைக் குறை சொல்ல முடியாது.

பாத்ரூமில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் ஸ்ட்ராபெர்ரி சோப்பு ஆறாவது லேயராகச் சேர்ந்ததுதான் மிச்சம். சட்டையை மூன்று முறை துவைத்தும் அகில் போகவில்லை. பெரியவர் இன்னும் காலரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

புதன்கிழமை பேங்க் வேலையாக லீவு போட்டிருந்தேன். பதினொன்றே காலுக்கு டீம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: "மேனேஜர் ரூமுக்குள்ள வந்து மூக்கை உறிஞ்சிட்டு, இன்னைக்கு எலி லீவான்னு கேட்டார்."

வீட்டம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அதான் கேட்ட மாதிரியே ஆயிடுச்சேங்க. வேற யாருக்கும் வராது."